வீட்டுக்குப் போகாத டாக்டர்கள்

காதுவலி என்று போகிறீர்கள். டாக்டர் ஒரு சின்னக் குழாயை உங்கள் காதுக்குள் நுழைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உற்றுப் பார்க்கிறார். அவர் பார்ப்பது செவிப்பறையை. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது தெரியுமா? உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. சுமார் 3 மில்லிமீட்டர்தான்! அதை ஒட்டியே முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. கொஞ்சம் மேலே, மெல்லிய ஓடு போன்ற எலும்புக்கு அப்பால், மூளை. கத்தி ஒரு நூல் தவறினால் வாய் கோணிவிடும். கண்ணை மூட முடியாது.

இந்த இடத்தில் கைவைக்க ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்வார்? யார் தலையில் பழகுவார்?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க டாக்டர்களிடம் கேட்டிருந்தால், 'கப்பல் ஏறி வியன்னாவுக்குப் போ' என்றிருப்பார்கள். அங்கே 1873-இல் அடாம் பொலிட்சர், யோசப் க்ரூபர் என்ற இருவர் தலைமையில் காதுக்கென்றே மருத்துவமனைப் பிரிவு தொடங்கியிருந்தது. பொலிட்சர் அருமையான ஆசிரியர், பல மொழி பேசுவார். உலகமே அவரிடம் வந்து உட்கார்ந்தது. ஆனால் வந்தவர்களில் பலருக்கு அவசரம். காசு கட்டு, சில வாரங்களோ மாதங்களோ வகுப்பில் உட்கார், ஊருக்குத் திரும்பு, 'காது, மூக்கு, தொண்டை நிபுணர்' என்று போர்டு மாட்டு! தடுக்கச் சட்டமும் இல்லை, பரீட்சையும் இல்லை. அடுத்தடுத்து வந்த நோயாளிகளின் காதிலும் தொண்டையிலும்தான் மீதிப் பயிற்சி.

இப்போது பால்டிமோருக்கு வாருங்கள். 1889-இல் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தது. அறுவை சிகிச்சைக்குத் தலைமை தாங்கியவர் வில்லியம் ஹால்ஸ்டட். விசித்திரமான மனிதர். கூச்ச சுபாவம், அறுவை மேஜையில் ஆமை வேகம். ஆனால் ரத்தம் சிந்தாமல், திசுவைக் கசக்காமல் வேலை செய்வதில் மன்னன். அறுவை அரங்கில் ரப்பர் கையுறை பரவக் காரணமே அவர்தான். கிருமிநாசினியால் கை வெந்துபோன நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனுக்காகத்தான் முதலில் செய்யச் சொன்னார். 1890-இல் அவரையே கல்யாணமும் செய்துகொண்டார்.

இந்தக் கல்யாண மாப்பிள்ளை தன் சிஷ்யர்கள் கல்யாணம் செய்துகொள்வதை மட்டும் விரும்பவில்லை! ஜெர்மன் மருத்துவமனைகளில் பார்த்த முறையைக் கொண்டுவந்து, அவர் அமைத்த பயிற்சி இதுதான்: இளம் டாக்டர் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும். 'ரெசிடென்ட்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். எத்தனை வருஷம்? சொல்ல முடியாது. குரு போதும் என்று சொல்லும்வரை. பொறுப்பு படிப்படியாகத்தான் கூடும். பலர் உள்ளே வருவார்கள், உச்சிக்குப் போவது ஒருவர்தான். 33 வருஷத்தில் தலைமை ரெசிடென்ட் ஆனவர்கள் வெறும் 17 பேர். அதில் ஒருவர் ஹார்வி குஷிங், நவீன மூளை அறுவையின் தந்தை என்று கொண்டாடப்படுபவர். ரெசிடென்ட் வாழ்க்கையெல்லாம் முடிந்த பிறகு, 33 வயதில்தான் அவருக்குக் கல்யாணம்.

சரி, காது மூக்கு தொண்டைக்கு வருவோம். 1912-இல் அந்தத் துறைக்கு ஹால்ஸ்டட் ஓர் ஆளைத் தேடினார். வியன்னா போய் வந்த பழுத்த நிபுணரைப் பிடித்திருக்கலாம். அவர் பிடித்ததோ சாமுவேல் க்ரோ என்ற, முப்பதைத் தொடாத இளைஞரை. குஷிங்கோடு சேர்ந்து நாய்களின் பிட்யூட்டரி சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தவர். காது மூக்கு வைத்தியம் அவர் தொழிலே இல்லை! ஹால்ஸ்டட்டுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. பழைய வித்தையைக் கரைத்துக் குடித்தவரைவிட, கேள்வி கேட்கத் தெரிந்த அறுவை மருத்துவர் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். என்ன துணிச்சல் பாருங்கள். ஆனால் பலித்தது. க்ரோ 1952 வரை, 40 வருஷம், அந்தத் துறையை நடத்தினார்.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும்போதே நோயாளியின் கேட்கும் திறனைச் சோதித்துக் குறித்து வைப்பார்கள். இறந்த பிறகு காதைச் சுற்றியுள்ள பொட்டெலும்பை எடுத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். எந்த ஒலி கேட்காமல் போனது, உள்ளே எங்கே கெட்டுப்போயிருந்தது என்று இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம். ஸ்டேசி கில்ட் என்பவர் இதில் க்ரோவுக்கு வலது கை. நாம் முதலில் கேட்ட கேள்விக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. இன்றைக்கும் உலகெங்கும் காது அறுவை பழகும் இளம் டாக்டர்கள், இறந்தவர்களின் பொட்டெலும்பை வைத்துத்தான் ட்ரில் பிடிக்கக் கற்கிறார்கள்.

க்ரோவே தவறாத ஆளா? இல்லை. மூக்கின் பின்னால் வளரும் சதையைச் சுருக்க ரேடியம் வைத்த குச்சியை உள்ளே செலுத்தும் சிகிச்சையைப் பரப்பியவரும் அவர்தான். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை, நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களுக்குச் செய்தார்கள். பிறகு குழந்தைகளுக்கும், லட்சக்கணக்கில். கதிர்வீச்சின் ஆபத்து புரிந்தபின்தான் கைவிட்டார்கள். நல்ல குருவிடமிருந்து சிஷ்யர்கள் தப்பையும் சேர்த்துத்தான் கற்கிறார்கள், என்ன செய்ய!

இதற்கு நடுவே, 1924-இல், அரைகுறைப் படிப்புக்கும் ஒரு கடிவாளம் வந்தது. காது மூக்கு தொண்டைக்கென அமெரிக்காவில் தனித் தேர்வு வாரியம் அமைத்தார்கள். கண் மருத்துவத்துக்கு அடுத்து அந்த நாட்டில் உருவான இரண்டாவது சிறப்பு மருத்துவ வாரியம் அது. இன்று அங்கே இந்தப் பயிற்சி 5 வருஷம். நம்ம ஊர் எம்.எஸ். 3 வருஷம்.

ஆனால் 'இரவு பகல் ஆஸ்பத்திரியே கதி' என்ற ஹால்ஸ்டட் பழக்கம் மட்டும் எல்லாத் துறைகளிலும் ஒட்டிக்கொண்டது. 1984-இல் நியூயார்க்கில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட லிபி ஸையன் என்ற 18 வயதுப் பெண் சில மணி நேரத்தில் இறந்துபோனார். அந்த இரவு அவரைக் கவனித்தவர்கள் நீண்ட நேர வேலையில் இருந்த பயிற்சி டாக்டர்கள். பத்திரிகையாளரான அப்பா விடவில்லை. 1989-இல் நியூயார்க்கிலும், 2003-இல் நாடு முழுக்கவும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு கட்டினார்கள். எண்பது! அதுதான் குறைத்த கணக்கு.

ஹால்ஸ்டட்டைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. 1884-இல் கோகெய்ன் கண்ணை மரத்துப்போகச் செய்கிறது என்ற செய்தி வியன்னாவிலிருந்து வந்ததும், அவர் அதைத் தன் நரம்பிலேயே குத்திப் பரிசோதித்தார். அடிமையானார். சிகிச்சைக்குப் போன இடத்தில் மார்ஃபின் பழக்கமும் சேர்ந்துகொண்டது. சக டாக்டர் வில்லியம் ஆஸ்லர் இதை ரகசியமாக எழுதிப் பூட்டி வைத்திருந்தார். குறிப்பு வெளியே வந்தது 1969-இல். தன் குருவைப் பற்றி க்ரோ எழுதிய புத்தகம் அச்சாகி அப்போது 12 வருஷம் ஆகியிருந்தது.