டார்பன் வேட்டையும் வளைகுடாக் கரையின் வரலாறும்

மீன்பிடித்தலின் வரலாறு பெரும்பான்மையும் உணவின் வரலாறாகவும் வாணிகத்தின் வரலாறாகவுமே எழுதப்பெற்று வந்துள்ளது. உண்டற்கும் விற்றற்கும் அன்றி, விளையாட்டின் பொருட்டே கடல்மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெக்சிக்கோ வளைகுடாவின் வடகரையில் பெருகியது. அதற்குக் காரணமாய் அமைந்தது டார்பன் என்னும் பெருமீன். அவ்வேட்டையாளர் விட்டுச்சென்ற பதிவுகளைக் கொண்டு அம்மீனினத்தின் வரலாற்றை எத்துணை உறுதியாக எழுதவியலும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

டார்பன் வெள்ளி போன்ற பெருஞ்செதில்களை உடையது. ஆளுயரத்திற்கு மேலும் வளர்வது. நீர்மட்டத்திற்கு எழுந்து வாயால் காற்றை விழுங்கித் தன் காற்றுப்பையால் உயிர்க்கும் இயல்புடையது. ஆதலின் உயிர்வளி குறைந்த வெதுவெதுப்பான உப்பங்கழிகளிலும் அதன் குஞ்சுகள் வாழவல்லன. முட்டையிடுவது ஆழ்கடலில், குஞ்சுகள் வளர்வது கண்டற்காடு சூழ்ந்த கழிகளில். இவ்வினத்தின் மற்றொரு வகை இந்தியப் பெருங்கடலிலும் நம் கடற்கரை நீரிலும் உண்டு. எனினும் அஃது உருவிற் சிறியது.

வேனிற்காலமே இவ்வேட்டைக்கு உரியது. கடல்நீர் வெதும்பியபின் டார்பன் கூட்டங்கள் கரையை அணுகும். புளோரிடாவின் மேற்குக் கரையிலுள்ள போகா கிராண்டு என்னும் கழிமுகவாயில் ஏப்பிரல் முதல் சூலை வரை பேர்பெற்ற களமாகும். அக்கரையில் ஏற்றவற்றம் பொதுவாகச் சிறிதே. ஆயினும் வெள்ளுவா, காருவா நாள்களை ஒட்டி வற்றோதம் விரைந்து கடலுக்குப் பாயும். அவ்வோட்டத்தில் கழியிலிருந்து சிறுநண்டுகள் திரளாக அடித்துவரப்படும். அவற்றை உண்ண டார்பன் வாயிலில் திரளும். ஆகவே, வேட்டையாடுவோர் திங்களின் வளர்வுதேய்வைக் கணக்கிட்டே படகு செலுத்தினர்.

1885ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரைச் சார்ந்த உட் என்பார் சானிபல் தீவின் அருகே 93 இராத்தல் எடையுள்ள டார்பனைக் கோலும் நூற்சுருளியும் கொண்டு பிடித்தார். அதுகாறும் எறியுளியால் குத்தியே பெரும்பாலும் பிடிக்கப்பட்ட மீன் அது. இச்செய்தி இதழ்வழிப் பரவியதும், வடபுலத்துச் செல்வர் அக்கரையை நாடினர். அக்காலச் சுருளிகளில் நூலோட்டத்தைத் தடுக்கும் உட்பொறி இல்லை. பெருவிரலால் தோற்பட்டையை அழுத்தியே மீனின் ஓட்டத்தைத் தடுத்தனர். முள் மிகுந்த அவ்வூனை உண்பார் அந்நாட்டில் அரியர். ஆதலின் மீனைக் கொன்று, நிழற்படம் எடுத்து, ஒரு செதிலை நினைவாக வைத்துக்கொண்டு உடலை எறிந்துவிடுவதே பெருவழக்காயிற்று.

இவ்விளையாட்டால் வரலாற்றுக்கு விளைந்த நன்மையும் ஒன்றுண்டு. 1895இல் டார்பன் வேட்டைக்காகப் புளோரிடா வந்திருந்த டர்ன்போர்டு என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், மார்கோ தீவின் சேற்றுள் பண்டை வலைக்கயிறும் மரக்கருவியும் கிடைத்தமை கேட்டு அங்குச் சென்றார். அச்செய்தியைப் பிலடெல்பியா அறிஞர்க்குத் தெரிவித்தார். அதன் பயனாக 1896இல் பிராங்க் குஷிங் ஆங்கு அகழ்ந்தார். வலைகள், மிதவைகள், முகமூடிகள், மரத்தாலாய சிறு பூனையுருவம் முதலியன வெளிப்பட்டன. சேற்றினின்று எடுத்து உலர்ந்தவுடன் பல பொருள்கள் சுருங்கிச் சிதைந்தன. அக்கரையின் தென்மேற்குப் பகுதியில் கோலோச்சிய கலூசர் உழவை நம்பாது மீனையே நம்பி அரசு நடத்தியவர். 14ஆம் நூற்றாண்டளவில் அவர்கள் நீர்த்தொட்டிகள் அமைத்து மீனை உயிரோடு தேக்கிவைத்தனர் என்பதை 2020இல் வெளியான ஆய்வு காட்டுகின்றது. 18ஆம் நூற்றாண்டில் நோயாலும் அடிமைப்பிடிப்பாலும் அம்மக்கள் அழிந்தனர். செல்வர் விளையாடிய கரை, ஒரு குடியின் வாழ்வு அடங்கிய கரை என்பது மறக்கற்பாலதன்று.

இனி, டெக்சாசுக் கரையைக் காண்பாம். போர்ட் அரான்சசு என்னும் சிற்றூர் ஒருகாலத்தில் 'டார்பன்' என்றே பெயர் பெற்றிருந்தது. ஆங்குள்ள டார்பன் விடுதி 1886இல் தோன்றி, 1919ஆம் ஆண்டுப் புயலுக்குப்பின் மீளக் கட்டப்பெற்றது. பிடித்தவர் தம் பெயரும் நாளும் மீனின் அளவும் எழுதிய 7,000க்கு மேற்பட்ட செதில்கள் அதன் சுவரில் பதிக்கப்பட்டுள்ளன. 1937 மே மாதம் ஆங்கு மீன்பிடித்த குடியரசுத் தலைவர் ரூசுவெல்டின் செதிலும் அவற்றுள் ஒன்று. ஆண்டும் பெயரும் பொறித்த கல்வெட்டினை ஒப்ப இவை வரலாற்றுச் சான்றுகளே.

ஆயினும் இச்சான்றுகளை அளந்தே கொள்ளல் வேண்டும். செதில், பிடித்தவனது வெற்றியை மட்டும் கூறும். வெறுங்கையோடு மீண்ட நாளைக் கூறாது. ஓராண்டில் எத்துணைப் பேர் கடல் மேற்சென்றனர் என்பதும் அதனால் விளங்காது. ஆகவே செதிலின் தொகையைக் கடல்மீனின் தொகையாகக் கொள்ளுதல் பிழையாம். மற்றொரு சான்றும் உடன்பட்டால்தான் அது வலிவுறும். அச்சான்று அவ்வூர்ப் போட்டியின் பெயரிலேயே உள்ளது. 1932இல் டார்பனின் பெயரால் தொடங்கிய அவ்விழா, அம்மீன் அருகியபின் ஆழ்கடல் மீன்பிடி விழா எனப் பெயர் மாறிற்று.

இக்குறைவிற்கு ஆற்றணைகளால் கழிகளுக்கு வரும் நன்னீர் குன்றியமை, 1950களின் நெடுவறட்சி, மெக்சிக்கோக் கரையிலும் நிகழ்ந்த மிகைப்பிடிப்பு எனப் பல காரணங்கள் கூறுவர். காலந்தாழ்ந்து உணரப்பட்டமைக்கு மீனின் ஆயுளும் காரணமாகும். டார்பன் ஐம்பதாண்டிற்கு மேலும் வாழ்வது. முட்டையிடும் பருவமடையப் பத்தாண்டளவு ஆவது. குஞ்சுகள் குன்றிய பின்னரும் முதுமீன்கள் பல்லாண்டு தூண்டிலில் அகப்படும். சுவரில் செதில் பெருகிய காலத்திலேயே கழியில் குஞ்சு அருகத் தொடங்கியிருத்தல் கூடும்.

வழக்கம் பின்னர்த் திருந்தியது. 1939இல் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிப்புச் சங்கம் தோன்றி அளவுப்பதிவிற்கு நெறி வகுத்தது. புளோரிடா அரசு 1989இல் கொல்லப்படும் ஒவ்வொரு டார்பனுக்கும் 50 டாலர் உரிமச்சீட்டு வேண்டுமென விதித்தது; 2013இல், உலகப்பதிவு நாடுவோர்க்கன்றி ஏனையோர்க்குப் பிடித்த மீனை விடுவித்தலே சட்டமாயிற்று. விடுவித்த மீன் செதிலை விட்டுச்செல்வதில்லை. ஆகலின் சுவரிற் செதில் குறைந்தமை ஒருகாலத்தில் மீனின் அழிவையும், பிறிதொருகாலத்தில் மீனின் காப்பையும் குறிக்கும். எக்காலத்து வெற்றிடம் எதனைக் குறிக்கிறது என்று துணிதலே ஆய்வாளர் கடன்.