துருத்தியா, புளோயரா: இந்தூர் மகாராஜாவின் டியூசன்பர்க்

அடிக்கடி வர்ற ஒரு கேள்வி: "ப்ரோ, ரோட்ல ஓட்டுற காருக்கு சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர் போடலாமா?" 1930-களுக்குப் போயிட்டு வரலாம். அந்தக் கேள்விக்கு நம்ம நாட்டுல ஒருத்தர் அப்பவே காசு கொடுத்து பதில் வாங்கினார். இந்தூர் மகாராஜா இரண்டாம் யஷ்வந்த்ராவ் ஹோல்கர்.

முதல்ல விஷயம் என்னன்னா, இன்ஜினுக்குள்ள அதிகக் காத்தைத் திணிச்சா அதிக பெட்ரோல் எரிக்கலாம். திணிக்க ரெண்டு முக்கியமான வழி. எங்க நயினார்கோவில் பக்கம் கொல்லுப்பட்டறை பார்த்தவங்களுக்கு இது சுலபம். துருத்தியை ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அளவான காத்து வரும், மெதுவா அமுக்கினாலும் வரும். 'ரூட்ஸ்' வகை அப்படி. 'பென்ட்லி புளோயர்' கார்ல இருந்தது அதுதான். கையால சுத்துற புளோயர் வேற ஜாதி: மெதுவா சுத்தினா பேருக்குத்தான் காத்து, வேகமா சுத்தினா நெருப்பு சீறும். அதுதான் சென்ட்ரிஃபியூகல். கிட்டத்தட்ட வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி அழுத்தம் ஏறும்.

அமெரிக்காவுல டியூசன்பர்க் சகோதரர்கள் புளோயர் பக்கம் நின்னாங்க. 1924 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தை அதை வெச்சு ஜெயிச்சாங்க; சூப்பர்சார்ஜர் போட்ட கார் அங்க ஜெயிச்சது அதுதான் முதல் தடவை. பந்தயத்துல இன்ஜின் எப்பவும் உச்சத்துல சுத்தும், அதனால குறை தெரியாது. 1932-ல அதையே ரோட்டுக்குக் கொண்டு வந்தாங்க: 'எஸ்.ஜே.' மாடல். 6.9 லிட்டர், எட்டு சிலிண்டர். சாதாரண 'ஜே' மாடலுக்கு கம்பெனி சொன்ன பவர் 265 குதிரைசக்தி, இதுக்கு 320. அதே வருஷம் ஜூலையில, கார் விபத்துல அடிபட்ட ஃப்ரெட் டியூசன்பர்க் இறந்துட்டார்.

மாட்டின விதம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. சும்மா போல்ட் போட்டு முடிக்கல. கனெக்டிங் ராடைக் குழாய் வடிவ ஸ்டீலா மாத்தினாங்க, வால்வு ஸ்பிரிங்கை கடினமாக்கினாங்க. கம்ப்ரெஷன் ரேஷியோ வெறும் 5.2 தான். இன்னிக்கு நம்ம பெட்ரோல் கார் நிறையவற்றுல அது பத்துக்கு மேல. அதுல இன்டர்கூலர், ட்யூனிங் எதுவும் இல்லாம, சித்திரை வெயில்ல, அழுத்திச் சூடான காத்தைத் திணிச்சா இன்ஜின் 'நாக்' ஆகும், பிஸ்டன் போகும். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாம மாத்தினா மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வேற இருக்கு.

ஹோல்கர் கார் 1936-ல தயாராச்சு. நீளமான சேஸிஸ், ஆனா ரெண்டே சீட். பாடி கட்டினது லண்டன் கர்னி நட்டிங். ஆரஞ்சும் கறுப்பும் கலந்த பெயின்ட். பார்த்தா மயக்கம்தான் வரும்.

ஆனா கணக்குப் போடுங்க. 4000 ஆர்.பி.எம்.ல 5 பி.எஸ்.ஐ. அழுத்தம்னு வெச்சுக்குவோம். 2000-ல பாதி வராது, கால்பங்கு, அதாவது 1.25. எங்க ஊர்ல இருந்து பரமக்குடி போற ரோட்ல மாட்டையும் ஆட்டையும் தாண்டிப் போற வேகத்துக்கு, அந்தப் பெரிய இன்ஜின் 2000-ஐத் தாண்டவே வேண்டியதில்லை. அன்னிக்கு இந்தூர் ரோடும் இதைவிட நல்லா இருந்திருக்கும்னு நான் நம்பல. தினசரி ஓட்டத்துக்கு துருத்திதான் சரினு என் கட்சி.

இன்னொரு தகவல். எஸ்.ஜே.யோட அடையாளம், பானெட் பக்கவாட்டுல வெளிய வர்ற பளபள எக்ஸாஸ்ட் குழாய்கள். சூப்பர்சார்ஜருக்கு உள்ள இடம் விடத்தான் அது வெளிய வந்துச்சு. சூப்பர்சார்ஜரே இல்லாத 'ஜே' கார் வாங்கினவங்களும் அந்தக் குழாயை மட்டும் கேட்டாங்க. கம்பெனியும் மாட்டிக் கொடுத்துச்சு.