துண்டுக்கு அடியில் விலை

ஊர் நடுவே ஒரு பெரிய மரம். காலையில் அதன் நிழலில் பத்திலிருந்து பதினாறு வயது வரையுள்ள சிறுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவன் இடுப்பிலும் ஒரு பக்கம் எடைக்கற்கள் போட்ட சிறு பை, மறுபக்கம் பணப்பை. அதில் 600 வராகன் வரைகூட இருக்கும். யாராவது வைரம் கொண்டுவந்தால் மூத்தவன் வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்தவனிடம் நீட்டுவான். கல் கைமாறிக் கைமாறி ஒரு சுற்று முடித்து மூத்தவனிடமே திரும்பும். அதுவரை ஒருவனும் வாய் திறக்க மாட்டான். அதன் பிறகுதான் விலை கேட்பார்கள்.

17ஆம் நூற்றாண்டில் தக்காணத்து வைரச் சுரங்கங்களுக்கு வந்த பிரெஞ்சு வியாபாரி தாவர்னியே, 1676இல் வெளியான தன் பயண நூலில் பதிந்த காட்சி இது. கல் சுற்றி வரும் அந்த நேரம் முழுக்க, விற்க வந்தவர் காதில் பாராட்டும் விழாது, குறையும் விழாது. விலை கேட்கும்போது அவர் மனம் பாதி இளகியிருக்கும். பத்து வயதிலேயே இந்தப் பாடம் கைவந்திருக்கிறது என்பதுதான் வியப்பு.

பெரியவர்களின் பேரம் இன்னும் நுட்பமானது. இருவரும் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் இடுப்புக் கச்சையை அவிழ்த்துக் கைகளை மூடுவார். உள்ளே முழுக் கையைப் பிடித்தால் 1000, ஐந்து விரலை அழுத்தினால் 500, ஒரு விரல் 100, நடுக்கணு வரை பாதி விரல் 50, நுனி மட்டும் 10. கூட்டம் நிறைந்த இடத்திலேயே ஒரே சரக்கு ஏழெட்டு முறை விலைபோகும். பக்கத்தில் இருப்பவருக்குத் தொகை தெரியாது. யாராவது கோபத்தில் கத்தினால் பனியா வியாபாரிகள் பதில் பேசாமல் எழுந்துபோய், நாலைந்து நாள் கழித்தே திரும்பி வருவார்களாம்.

இந்த விரல் பேரம் வைரக்காரர்களின் கண்டுபிடிப்பு அல்ல. தாவர்னியேவுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, கோழிக்கோட்டில் தரகர் துணியால் மறைத்து விரல் கணுக்களைத் தொட்டே பேரம் முடித்ததை இத்தாலியப் பயணி வர்த்தேமா எழுதியிருக்கிறார். அவர் நூல் 1510இல் ரோமில் அச்சானது.

இன்றும் பொள்ளாச்சி, அந்தியூர் மாட்டுச் சந்தைகளில் அதே விரல்கள்தான் பேசுகின்றன. பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து முடிந்ததும் தரகர் தோள் துண்டை எடுத்துக் கையில் போர்த்துகிறார். பிடித்த விரல் ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டின் தரத்திலேயே இருவருக்கும் விளங்கிவிடும். இந்த மறைவில் விற்பவருக்கு ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. ஒருவர் அடிமாட்டு விலைக்குக் கேட்டுவிட்டுப் போனால், அந்தத் தொகை அடுத்தவர் காதுக்கு எட்டாது. அவரிடம் பேரத்தைப் புதிதாகத் தொடங்கலாம். ஆனால் தரகர் விற்பவர் விரலில் ஒரு தொகையும் வாங்குபவர் விரலில் வேறொரு தொகையும் வைத்தாலும் அந்தத் துண்டு மறைத்துவிடும். கன்றிலிருந்து வளர்த்த பசுவை முதன்முறையாக ஓட்டி வந்தவர் இழப்பது அங்கேதான். அதனால் விவரம் தெரிந்த விவசாயி துண்டுக்குள் வாங்குபவரிடம் நேரே தன் கையையே நீட்டுகிறார். விரல் படிந்ததும் துண்டு தோளுக்குத் திரும்புகிறது, கயிறு கைமாறுகிறது.