மாணாக்கர் திறனும் கற்பிக்கும் முறையும்

சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்துஞ் சொல்லுங் கூறும் இலக்கண நூலாயினும், அதன் பொதுப்பாயிரம் கல்வி வரலாற்றை ஆராய்வார்க்கு ஒரு கருவூலமாகும். ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே மாணாக்கர் யாவரும் ஒரு தன்மையரல்லர் என்னும் உண்மையை அது வகுத்துரைக்கின்றது.

அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணுங் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றை ஒப்பார் கடைமாணாக்கர். இவ்வாறு வகுத்ததோடு அமையாது, கற்போன் கொள்ளும் வகையை அறிந்து, அவன் உளங்கொள்ளுமாறு கற்பித்தலே ஆசிரியன் கடன் என்றும் முனிவர் விதித்தார். கேட்கும் முறையும் ஒன்றன்று. இருகாற் கேட்டல், முக்காற் கேட்டல், கேட்டவற்றைச் சிந்தித்தல், உடன் கற்பாரோடு பயிலல், வினாவுதல், விடுத்தல் எனப் பல வழிகள் கூறப்பட்டன. ஆசிரியன்பாற் கேட்டலாற் பெறுவது காற்பங்கே; உடன் பயிலலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு விரித்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அந்நூலின் கணக்கு.

திண்ணைப் பள்ளிகளிலும் இந்நெறியின் சாயலைக் காணலாம். ஓரெழுத்தையே சிறுவர் வாயாற் சொல்லி, செவியாற் கேட்டு, மணலில் விரலால் எழுதிப் பயின்றனர். தேர்ந்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையார்க்குப் பாடஞ் சொன்னான். 1789ஆம் ஆண்டிற் சென்னையில் ஆண் அநாதைச் சிறுவர் பள்ளியொன்றின் பொறுப்பேற்ற அந்திரு பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர் மணலில் எழுதுதலைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பித்த தம் முறையை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது மதராஸ் முறை எனப் பெயர் பெற்றது. ஆயினும் மேனாட்டில் அது பெருந்தொகைச் சிறுவரைச் சிறுசெலவிற் கற்பிக்குங் கருவியாகவே பெரிதும் பரவிற்று.

நன்னூலுக்கும் ஓர் எல்லையுண்டு. கற்பிக்கத் தகாதார் வரிசையிற் சோம்பலுடையான், சினமுடையான் முதலியோரோடு நோயாளனும் மந்தனும் வைக்கப்பட்டனர். முன்னையோர் திருந்தற்குரியார், பின்னையோர் செய்த குற்றம் யாது? மாணாக்கனைத் தெரிந்து கொள்ளும் உரிமை ஆசிரியனுக்கிருந்த காலத்து விதி அது. 1945ஆம் ஆண்டில் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் அவ்விதி பொருந்துமாறில்லை. கட்டணங் கொடுக்க இயலாதார்க்கும் கதவு திறக்கப்பட்டது. ஆயினும் உள்ளே வந்தவன் விளங்காத பாடத்தின்முன் வாளா இருப்பானாயின், அவன் இன்னும் வாயிலுக்குப் புறத்தேயே நிற்கின்றான்.

ஆதலின், தகாதார் வரிசையை விடுத்து, கொள்ளும் வகையறிந்து கற்பிக்கும் விதியையே மந்தனுக்கும் உரியதாக்கல் வேண்டும். மண், உழவன் முயற்சிக்குத் தக்க பயனைத் தரும் என்பது முனிவர் காட்டிய உவமையின் கருத்து. அவர் இடைமாணாக்கர்க்குக் கூறிய அதனை எல்லா மாணாக்கர்க்கும் உரியதாகக் கொள்ளும் ஆசிரியன், விளைவு குன்றியவிடத்து நிலத்தைப் பழியான். உழும் முறையை மாற்றுவான்.