பெட்டியில் எழுதியிருப்பதை யார் சோதித்தார்கள்?



சென்ற தவணை எமது பாடசாலையில் நடந்த விடயம் பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். பத்தாம் தரப் பிள்ளைகள் வரலாற்றுச் செயற்றிட்டத்துக்காக ஊரின் மூத்தவர்கள் பதினொரு பேரைச் சந்தித்து, பழைய கடைத்தெரு, 1978 சூறாவளி, அந்தக் காலக் கல்யாணம் என்று அவர்கள் பேசியதைப் போனில் வீடியோவாக எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே பென் டிரைவில் போட்டு வைத்தோம். அதன் பெட்டியில் 512 ஜிபி என்று இருந்தது. விலை மற்றவற்றில் பாதிகூட இல்லை. மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது பதினொரு பெயர்களும் திரையில் தெரிந்தன. ஆனால் முதலில் போட்ட ஏழு வீடியோக்கள் ஓடவில்லை. போனில் இடமில்லை என்று பிள்ளைகள் மூலப் பதிவுகளை ஏற்கனவே அழித்துவிட்டிருந்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவர் ரமழானுக்கு முன்பே வஃபாத்தாகிவிட்டார்.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு வாப்பா எழுந்து, "சேர், வாங்கின உடனேயே சோதிச்சுப் பார்த்திருக்கலாமே, அதுக்கு வழியில்லையா?" என்று கேட்டார். வழி இருந்தது. நாம்தான் செய்யவில்லை. மீன் வாங்கும்போது தராசில் அரச முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிற நாம், கணனிச் சாமான் வாங்கும்போது பெட்டியில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பிவிடுகிறோம். அந்த எண்ணை நம்பாமல் சோதித்துப் பார்ப்பதையே வேலையாக எடுத்துக்கொண்ட சிலரின் வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறோம்.

1996இல் தோமஸ் பாப்ஸ்ட் என்ற ஜெர்மன் டொக்டர் 'டொம்ஸ் ஹார்ட்வெயார்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கினார். தொழிலால் மருத்துவர், ஆசையால் கணனிக்காரர். அடுத்த வருடம் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆனந்த் லால் ஷிம்பி 'ஆனந்த்டெக்' தளத்தை ஆரம்பித்தபோது அவருக்கு வயது 14. எமது ஒன்பதாம் தரப் பிள்ளைகளின் வயதுதான். கம்பனி அனுப்பும் விளம்பர வாசகத்தைத் திருப்பி எழுதாமல், பொருளைக் கழற்றிப் பூட்டி, அளந்து, எந்தக் கணனியில் எந்த மென்பொருளைக் கொண்டு அளந்தோம் என்பதையும் சேர்த்து எழுதினார்கள். சந்தேகப்படுகிறவர் அதே சோதனையைத் தானும் செய்து பார்க்கலாம். எங்கள் பார்வையில் இவர்களுடைய முழுப் பலமும் அதில்தான் இருந்தது.

அந்தப் பலம் 2000ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அப்போது இன்டெலும் ஏஎம்டியும் வேகப் போட்டியில் இருந்தன. மார்ச் மாதத்தில் 1 கிகாஹேர்ட்ஸ் எல்லையை ஏஎம்டி முதலில் தொட, இரண்டு நாள் கழித்து இன்டெலும் தொட்டது. முந்திவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஜூலை 31ஆம் திகதி இன்டெல் 1.13 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் III சிப்பை அறிவித்தது. விலை 990 டொலர். பாப்ஸ்ட் தனக்குக் கிடைத்த சிப்பைப் பூட்டிச் சோதித்தார். அது நிலையாக ஓடவில்லை. குறிப்பாக லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைக் கம்பைல் செய்யும் வேலையை அதனால் முடிக்கவே இயலவில்லை. அந்தச் சோதனையின் அருமை என்னவென்றால், இலட்சக்கணக்கான வரிகளை சிப் இடைவிடாமல் கம்பைல் செய்ய வேண்டும், ஓரிடத்தில் பிசகினாலும் வேலை நின்றுவிடும். பரீட்சையில் ஊகித்து எழுதித் தப்புகிற மாதிரி இதில் தப்ப முடியாது.

ஒருவருக்குக் கிடைத்த ஒரு சிப் பழுதாக இருந்திருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் 'ஹார்ட்ஓசிபி' தளத்தை நடத்திய கைல் பென்னட்டும் சோதித்தார். அங்கும் அதே தடுமாற்றம். ஓகஸ்ட் 28ஆம் திகதி இன்டெல் அந்த சிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அப்போது உலகின் மிகப் பெரிய சிப் கம்பனியாக இருந்தது, அறிவித்து ஒரு மாதம் நிறைவதற்குள்! மேசையில் ஒரு கணனியை வைத்துக்கொண்டு பொறுமையாக அளந்த ஒன்றிரண்டு பேர் இதற்குக் காரணமாக இருந்தார்கள் என்பது இன்று நினைத்தாலும் எமக்கு ஆச்சரியம்.

அடுத்த வருடம் வேறொரு விதமான சங்கதி. ஏடிஐ கம்பனியின் ரேடியொன் 8500 கிராபிக்ஸ் கார்ட் 'குவேக் III' என்ற விளையாட்டில் நன்றாக ஓடியது. வேகம் அளப்பதற்கு அக்காலத்தில் எல்லோரும் பயன்படுத்திய விளையாட்டு அது. 2001 ஒக்டோபரில் ஹார்ட்ஓசிபி தளத்தினர் அந்த விளையாட்டின் புரோகிராமில் 'குவேக்' என்றிருந்த பெயரை 'குவாக்' என்று மாற்றிவிட்டு மீண்டும் ஓட்டினார்கள். வேறெதையும் மாற்றவில்லை. வேகம் குறைந்தது, படமோ தெளிவாகியது! கார்டின் டிரைவர் மென்பொருள் அந்தப் பெயரைக் கண்டதும் படத்தின் தரத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது. வகுப்பறைக்கு மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் சுவரில் படங்கள் தொங்குவதைப் பார்த்தவர்கள் எங்களைப் போன்ற ஆசிரியர்கள். எமக்கு இது புதிதல்ல. ஏடிஐ பிறகு படத்தின் குறையைச் சரிசெய்து புதிய டிரைவர் வெளியிட்டது.

ஏடிஐயை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2003இல் போட்டிக் கம்பனியான என்விடியாவும் மாட்டிக்கொண்டது. '3டிமார்க்03' என்ற வேக அளவீட்டு மென்பொருளில் கமரா எப்போதும் ஒரே பாதையில் போகும். அந்தப் பாதையில் கண்ணுக்குப் படாத பகுதிகளை வரையாமலே விட்டு என்விடியாவின் டிரைவர் புள்ளியை உயர்த்தியது. 'எக்ஸ்ட்ரீம்டெக்' சோதனையாளர்கள் கமராவைப் பாதை விலக்கித் திருப்பியதும் அங்கே படம் சிதைந்து கிடந்தது. மென்பொருளைத் தயாரித்த ஃபியூச்சர்மார்க் அதைத் திருத்தி வெளியிட்டபோது ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் புள்ளி சுமார் 24 வீதம் இறங்கியது. சில நாட்களில் இரு கம்பனிகளும் கூட்டறிக்கை விட்டன. அதில் 'மோசடி' என்ற சொல் போய், 'பிரயோகத்துக்கென்று செய்த மேம்படுத்தல்' வந்துவிட்டது. இப்படிச் சொல்லை மாற்றுவதையும் வரலாற்றுப் பாடத்தில் நாம் அடிக்கடி பார்க்கிறோம்.

சோதனையாளர்களும் தங்கள் அளவுகோலைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பல வருடங்களாக ஒரு செக்கனுக்கு எத்தனை படம் என்ற சராசரியைத்தான் எழுதினார்கள். 2011இல் 'டெக் ரிப்போர்ட்' தளத்தின் ஸ்கொட் வாசன், ஒவ்வொரு படமும் வரைய எடுக்கும் நேரத்தைத் தனித்தனியாக அளந்து காட்டினார். செக்கனுக்கு 60 படம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிசெக்கன். நடுவில் ஒரு படம் 100 மில்லிசெக்கன் இழுத்தால் கண்ணுக்குத் தடக்கென்று தெரியும், ஆனால் சராசரியில் தெரியாது. வகுப்பின் சராசரி 60 என்று அறிக்கை அனுப்பும்போது பின்வரிசையில் 15 எடுத்த பிள்ளை மறைந்துபோவதும் இப்படித்தான்.

விலை கூடிய சாமான்களோடு இந்தக் கதை முடிவதில்லை. 2015இன் இறுதியில் கூகுளில் வேலை செய்த பென்சன் லியுங் என்ற பொறியியலாளர், அமேசனில் விற்கும் யூஎஸ்பி-சி கேபிள்களைத் தன் காசில் வாங்கிச் சோதிக்கத் தொடங்கினார். பழைய வகை யூஎஸ்பியோடு இணைக்கும் கேபிளில் 56 கிலோஓம் தடை இருக்க வேண்டும். பலவற்றில் 10 கிலோஓம் இருந்தது. அப்படியானால் போன், சார்ஜர் தாங்காத அளவு மின்னோட்டத்தை இழுக்கும். 2016 பெப்ரவரியில் அவர் சோதித்த ஒரு கேபிளில் வயர்களே மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. அது அவருடைய மடிக்கணனியைப் பழுதாக்கியது. அடுத்த மாதமே, நியமத்துக்கு ஒவ்வாத யூஎஸ்பி-சி கேபிள்களை விற்பதை அமேசன் தடைசெய்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விமர்சனம் வாசித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. குருஷியல் பி2 என்ற எஸ்எஸ்டி முதலில் நல்ல வகை நினைவகத்தோடு வந்து பாராட்டு வாங்கியது. 2021இல் டொம்ஸ் ஹார்ட்வெயார் அதை மீண்டும் சோதித்தபோது, அதே பெயரில் உள்ளே மலிவான, வேகம் குறைந்த நினைவகம் இருப்பது தெரியவந்தது. விமர்சனத்தின் திகதியையும் பாருங்கள் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது இதனால்தான்.

இதற்கிடையில் எழுதிச் சோதித்த தளங்களே குறைந்து வருகின்றன. 14 வயதுப் பிள்ளை தொடங்கிய ஆனந்த்டெக், 27 வருடங்களுக்குப் பிறகு 2024 ஓகஸ்ட் 30ஆம் திகதி நிறுத்தப்பட்டது. பெட்டியைப் பிரித்து, பளபளப்பைக் காட்டி, "சூப்பர்" என்று முடிக்கும் வீடியோக்களுக்குக் குறைவில்லை. அவற்றில் அளவீடு எங்கே என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இனி எமது பென் டிரைவுக்கு வருவோம். போலியான பென் டிரைவில் உள்ளே இருக்கும் சிறிய சிப், "என்னிடம் 512 ஜிபி இருக்கிறது" என்று கணனிக்குப் பொய் சொல்லுமாறு அமைக்கப்பட்டிருக்கும். உண்மையான இடம் நிரம்பியதும் சில வகைகள் பழையவற்றின் மேலேயே புதியதை எழுதும். கோப்பின் பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும். எமக்கு நடந்தது அதுதான். இதைப் பிடிப்பதற்கென்றே ஜெர்மன் கணனிச் சஞ்சிகை ஒன்றைச் சேர்ந்தவர் எழுதிய 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. லினக்ஸ், மெக் கணனிகளுக்கு 'எஃப்3'. டிரைவ் முழுவதையும் சோதனைத் தரவால் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாக வாசித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். பெரிய டிரைவ் என்றால் பல மணித்தியாலம் எடுக்கும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். எங்கள் 512இல் 32 கூட நிறைவாக இல்லை.

மீதமுள்ள ஆறு மூத்தவர்களிடமும் பிள்ளைகள் மீண்டும் போகத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு பேர் "போன தடவையே எல்லாம் சொல்லிட்டேனே மகன்" என்று சலித்துக்கொண்டாலும் பேசினார்கள். இம்முறை சோதித்த இரண்டு டிரைவ்களில் பிரதி இருக்கிறது. வஃபாத்தானவரின் பேச்சை யாராவது போனில் எடுத்து வைத்திருந்தால், ஒரு நிமிடத் துண்டாக இருந்தாலும், எமக்குத் தாருங்கள்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கணனிக் கூடம் திறந்திருக்கும். வீட்டில் உள்ள பென் டிரைவ், மெமரி கார்ட் எதையும் கொண்டு வரலாம், பிள்ளைகளே சோதித்துத் தருவார்கள். ஆனால் சோதனைக்கு டிரைவ் வெறுமையாக இருக்க வேண்டும். அதனால் உள்ளே இருக்கும் படங்களை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு வாருங்கள்.