சகுந்தலா தேவியின் இருபத்தாறு இலக்க எண்

18,947,668,177,995,426,462,773,730. பெங்களூரில் பிறந்த மனக்கணக்கு மேதை சகுந்தலா தேவி (1929–2013), 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வாய்விட்டுச் சொன்ன பெருக்கல் விடை இது. கல்லூரியின் கணினித் துறை எழுந்தமானமாகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த எண்கள்: 7,686,369,774,870, 2,465,099,745,779.

விடை இரட்டைப்படை எண். ஒரே ஒரு சுழியில் முடிவதால் முழு வர்க்கமாக இருக்க வழியில்லை. 2, 3, 5, 11 ஆகியவற்றால் மீதியின்றி வகுபடும். 7, 13 ஆகியவற்றால் வகுபடாது. 2, 3, 5 மூன்றும் முதல் எண்ணிலிருந்து வந்தவை; 11 இரண்டாம் எண் தந்தது. பத்து இலக்கங்களும் இதில் உண்டு: 7 ஆறு முறை, 5, 0 ஆகியவை தலா ஒரு முறை. ஒன்பதால் வகுத்து மீதி பார்க்கும் பள்ளிக்கூடச் சோதனையை வாசகரே செய்து பார்க்கலாம். கொடுத்த எண்களின் இலக்கக் கூட்டுத்தொகை 78, 74. மீதி 6, 2. இவற்றைப் பெருக்கினால் 12, மீதி 3. விடையின் கூட்டுத்தொகை 138. அதன் மீதியும் 3. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் இச்சோதனை ஏமாந்துவிடும் என்பது வேறு.

தாளில் எழுதிப் பெருக்கினால் 169 ஓரிலக்கப் பெருக்கல்கள் தேவை. அவற்றைக் கூட்டும் வேலை தனி. சகுந்தலா தேவி எடுத்துக்கொண்டது 28 விநாடி. விடையைச் சொல்லி முடித்த நேரமும் இதில் அடக்கம் என்று சில குறிப்புகள் கூறும்; மற்றவை அதைப் பேசுவதில்லை. 1982 கின்னஸ் நூல் இச்சாதனையைப் பதிவு செய்தது. மனக்கணக்கர்களைப் பற்றி 1983இல் நூல் எழுதிய ஸ்டீவன் ஸ்மித், முந்தைய சாதனைகளை இது வெகுதூரம் விஞ்சுவதால் நம்புவதற்கில்லை என்று கருதினார்.

சர்க்கஸ் கலைஞரின் மகளான சகுந்தலா தேவி ஆறு வயதில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணக்குப் போட்டுக் காட்டியதாகக் கூறப்படுகிறது.

1977இல் டல்லஸில் 201 இலக்க எண் ஒன்றின் 23ஆம் படி மூலத்தை 50 விநாடியில் சொன்னார்: 546,372,891. ஒன்று முதல் ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கமும் ஒரே முறை வரும் எண் இது. 5இல் தொடங்கி 4, 6, 3, 7, 2, 8 எனக் கீழும் மேலுமாக நடந்து, கடைசியில் 1, 9 என்று வர வேண்டிய இடத்தில் 9, 1 என மாறி நிற்கிறது. 27ஆல் வகுபடும், ஆகவே அந்த 201 இலக்க எண் 3இன் 69ஆம் அடுக்கால் வகுபடும். இவ்வளவு ஒழுங்கான மூலம் தற்செயலாக அமைந்திருக்குமா என்பது ஐயத்துக்குரியதே.

1988இல் உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் அவரைச் சோதித்து, 1990இல் முடிவுகளை வெளியிட்டார். 61,629,875இன் கனமூலம் 395 என்று, ஜென்சன் கணக்கைக் குறித்து முடிக்குமுன்பே விடை வந்தது. சகுந்தலா தேவி 2013 ஏப்ரல் 21 அன்று பெங்களூரில் காலமானார். 1980 சாதனைக்கான கின்னஸ் சான்றிதழ் 2020இல்தான் வழங்கப்பட்டது.