காலடியே ஃபோர்ஹேண்ட்: மேசைப்பந்துப் பயிற்சியில் மீள்நிலையின் முதன்மை

முன்னுரை

ஃபோர்ஹேண்ட் அடி வலையில் மாட்டினால் பயிற்சியாளர் முதலில் திருத்துவது கையைத்தான். மட்டையின் கோணம், முழங்கையின் உயரம், மணிக்கட்டு என்று திருத்தம் நீளும். பிழை தொடங்கிய இடமோ பெரும்பாலும் கால். அந்தக் காலும் வேகம் போதாமல் தாமதிப்பதில்லை. முந்தைய அடியை முடித்த பிறகு சமநிலைக்குத் திரும்பாததால்தான் தாமதிக்கிறது. எனவே பந்தை நோக்கி ஓடும் பயிற்சியைவிட, அடித்தபின் மீளும் பயிற்சியே ஃபோர்ஹேண்டுக்கு அடிப்படை என இக்கட்டுரை வாதிடுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் களமருதூர் போன்ற ஊர்களில், மேசை வருமுன்பே இப்பயிற்சியைத் தொடங்க முடியும் என்பதும் இதன் முடிபு.

இடமும் காலமும்

மேசையின் நீளம் 274 செ.மீ., அகலம் 152.5 செ.மீ. சர்வதேசப் போட்டிகளில் ஆடுகளமோ 14 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்டது. ஆட்டக்காரர் ஆள வேண்டிய நிலம் மேசையைவிடப் பல மடங்கு பெரியது. பேக்ஹேண்டில் பந்தை உடலுக்கு முன்னால் சந்திக்கிறோம். ஃபோர்ஹேண்டில் உடலின் பக்கவாட்டில், சற்றே முன்னால் சந்திக்க வேண்டும். இடுப்பு திரும்பக் கொஞ்சம் இடமும் வேண்டும். அதனால் பந்து ஒரு சாண் தள்ளி வந்தாலும் கையை நீட்டிச் சமாளிக்கும் ஃபோர்ஹேண்ட் வலுவிழக்கிறது. உடலையே நகர்த்தியாக வேண்டும்.

இதற்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வரும் பந்து மேசையின் நீளத்தை ஐந்தில் ஒரு நொடிக்குள் கடந்துவிடும். கண்ணால் கண்டு உடல் அசையத் தொடங்குவதற்கே ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகிறது. மேசைக்குப் பின்னிருந்து அடிக்கப்படும் பந்து சற்றுக் கூடுதல் அவகாசம் தரும். ஆனாலும் பந்தைப் பார்த்தபின் கிளம்பலாம் என்று நினைப்பவருக்கு அது போதாது. எதிராளியின் மட்டை பந்தைத் தொடும் கணத்தில் இரு பாதமும் மெல்லத் துள்ளி இறங்கி, முழங்கால் மடிந்து, குதிகால் லேசாகி இருக்க வேண்டும். இந்த ஆயத்தத் துள்ளல் அமைந்தால் முதல் அடி எத்திசைக்கும் எளிதாகும். முந்தைய அடியிலிருந்து மீளாதவருக்கு இது கைகூடாது.

சுற்றி வந்து அடிப்பது

ஃபோர்ஹேண்ட் நகர்வுகளில் பக்க அடி, குறுக்கு அடி, சுற்றி வருதல், முன்னேறிப் பின்வாங்குதல் ஆகிய நான்கும் முதன்மையானவை. இவற்றுள் மீள்நிலையின் அருமையைத் தெளிவாகக் காட்டுவது சுற்றி வருதல். வலக்கை ஆட்டக்காரர் தம் பேக்ஹேண்ட் மூலைக்கு வரும் பந்தை ஃபோர்ஹேண்டால் அடிக்க விரும்பினால், இடக்கால் மேசையின் இடப்பக்க ஓரத்தைத் தாண்டி நகர்கிறது. வலக்கால் பின்னால் சுழன்று போகிறது. எடை வலக்காலில் ஏறி, இடுப்பு திரும்பும்போது இடக்காலுக்கு மாறுகிறது. அடி அமைந்துவிட்டது. ஆனால் மேசையின் வலப்பாதி முழுவதும் இப்போது காலியாகக் கிடக்கிறது. எடை இடப்பாதத்தின் உட்பக்கத்தில் நின்றால் அதே காலால் தரையை உந்தி வலப்பக்கம் பாயலாம். எடை பாதத்தின் வெளிவிளிம்புக்குச் சரிந்துவிட்டால், உடலை நிமிர்த்துவதற்கே ஓர் அடி வீணாகும். அடுத்த பந்து அதற்குள் கடந்துவிடும்.

தமிழக ஆட்டக்காரர்கள் இருவர் இதற்கு இருவேறு விடைகள் தந்திருக்கிறார்கள். சென்னையின் சரத் கமல் உயரமானவர். மேசையிலிருந்து சற்றுப் பின்வாங்கி நீண்ட ஃபோர்ஹேண்ட் சுழற்சி அடிகளால் ஆட்டத்தை ஆண்டவர். 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்ற அவர், 16 ஆண்டுகள் கழித்து 2022 பர்மிங்காமில் 40ஆம் வயதில் மீண்டும் அதை வென்றார். வயது ஏற ஏறக் கால் வேகம் குறையும். நிலைத்தது இடத்தை முன்னறிந்து மீளும் ஒழுங்கே என்று கருத இடமுண்டு. எஸ். ராமனிடம் பயின்ற சத்தியன் ஞானசேகரன் மேசையை ஒட்டி நின்று, சிறிய அடிகளால் விரைந்து ஆடுபவர். 2019இல் உலகத் தரவரிசையில் 24ஆம் இடம் எட்டினார். தூரம் வேறு, அடியளவு வேறு. அடித்ததும் மீளும் விதி ஒன்றே.

ஒரு மறுப்பும் விடையும்

இக்கால ஆட்டத்தில் பேக்ஹேண்ட் வலுத்துவிட்டதால் ஃபோர்ஹேண்ட் காலடிக்கு முன்போல் தேவையில்லை என்பர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ரியூ சுங்மின் தங்கம் வென்றதற்கு இடையறாத ஃபோர்ஹேண்ட் ஓட்டமே ஆதாரம். அதன்பின் சாங் ஜிக்கே போன்றோர் வலப்பக்கம் வரும் குறுகிய சர்வீஸைக்கூட பேக்ஹேண்டால் சுழற்றித் தாக்கினர். ஆனால் அப்படித் தாக்க வலக்காலை மேசைக்கு அடியில் வைத்து, உடலையே வலப்பக்கம் கொண்டுபோக வேண்டும். உடனே வெளியேறாவிட்டால் ஆழமாக வரும் அடுத்த பந்துக்கு ஃபோர்ஹேண்டும் இல்லை, பேக்ஹேண்டும் இல்லை. பேக்ஹேண்டின் எழுச்சி காலடிக்கான தேவையைக் குறைக்கவில்லை; மீள வேண்டிய புதிய இடங்களைச் சேர்த்திருக்கிறது.

பயிற்சி முறையின் குறை

பேக்ஹேண்ட் மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அங்கேயே சுற்றி வந்து ஒரு ஃபோர்ஹேண்ட், பிறகு வலது மூலைக்குப் பாய்ந்து ஒரு ஃபோர்ஹேண்ட். ஸ்வீடனின் ஃபால்கன்பெர்க் பெயரால் உலகெங்கும் வழங்கும் இப்பயிற்சி மிகப் பயனுள்ளது. ஆயினும் பந்து வரும் வரிசை முன்கூட்டியே தெரிவதால், மாணவர் துள்ளலை விட்டுவிட்டு அடுத்த மூலைக்கு ஓடிவிடுகிறார். மூன்றாவது பந்து எங்கே வரும் என்பதை மறைத்து வைத்தாலே இக்குறை நீங்கும். நடுவில் மீண்டு நின்றவருக்கே அந்தப் பந்து கிட்டும்.

களமருதூரில் தொடங்க

பந்தின் எடை வெறும் 2.7 கிராம். சிறு காற்றும் அதைத் திசைமாற்றும் என்பதால் மூடிய அரங்கம் தேவை. அரங்கமும் மேசையும் அமையும்வரை காலடி காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளித் திடலில் 152.5 செ.மீ. கோடு ஒன்று கிழித்தால் அதுவே மேசையின் விளிம்பு. ஒரு மாணவர் எதிரே நின்று கையால் இடமோ வலமோ காட்ட, மற்றவர் துள்ளி, நகர்ந்து, வெறும் கையை வீசி, மீள வேண்டும். பெரும்பாலான புள்ளிகள் சில நொடிகளில் முடிவதால் பயிற்சியும் சில நொடிகளே நீடித்து, இடையில் ஓய்வு அமைவது பொருந்தும். சிமென்ட் தரையில் திரும்பத் திரும்பத் துள்ளுவது முழங்காலையும் கணுக்காலையும் வருத்தும். கல் பொறுக்கிய மண் திடலே மேல். கபடியில் பாடிப் போகிற பிள்ளை தாழ்ந்த இடுப்போடு, எத்திசைக்கும் திரும்பத் தயாராகவே போகிறது. சிலம்பத்திலும் காலடி வரிசை தனிப் பாடமாகவே பயிலப்படுகிறது. ஃபோர்ஹேண்டுக்குத் தேவையான உடலறிவு இந்த மண்ணில் ஏற்கெனவே உண்டு.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று பரிந்துரைகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஆயத்தத் துள்ளலும் மீள்நிலையும் கைவீச்சுக்கு முன்பே கற்பிக்கப்பட வேண்டும். இரண்டாவது, வரிசை தெரிந்த பயிற்சி ஒவ்வொன்றும் வரிசை தெரியாத பயிற்சியில் முடிய வேண்டும். மூன்றாவது, மாணவரின் முன்னேற்றத்தை மேசையில் விழுந்த பந்துகளைக் கொண்டு மட்டும் அளக்கலாகாது. எதிராளி அடிக்கும் கணத்தில் மாணவரின் பாதங்கள் எங்கே, எந்நிலையில் இருந்தன என்பதையும் பயிற்சியாளர் குறித்துவர வேண்டும். இம்மூன்றில் எதற்கும் பணம் தடையில்லை. மாவட்டத் தலைநகருக்கோ சென்னைக்கோ போய்ச் சேரும் நாளில், கிராமத்து மாணவர் கையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளலாம். காலை அவர் ஊரிலிருந்தே கொண்டுபோக முடியும்.